தொண்டையைப் பார்க்கும் இயந்திரமும் சங்கத்தின் கடமையும்

நோயைத் தொடக்கத்திலேயே கண்டு களைதல் நன்று என்பதில் இருவேறு கருத்து இருத்தற்கில்லை. பயிரில் பூச்சி விழுந்ததை முதல் இலையிலேயே கண்டுகொள்ளும் விவசாயியும், பாவில் இழை அறுந்ததை அப்போதே கண்டு முடிச்சிடும் நெசவாளியும் இதனை நன்கு அறிவர். ஆனால் கண்ணுக்கு எட்டாத தொண்டையின் அடிப்பகுதியில் தோன்றும் புற்றுநோயை முதல் நிலையில் காண்பது அத்துணை எளிதன்று. இப்போது இதற்கு ஒரு புதிய துணை கிடைத்திருக்கிறது. தொண்டைக்குள் செலுத்தப்படும் எண்டாஸ்கோப் என்னும் உள்நோக்குக் குழாய் காட்டும் படத்தைக் கணிப்பொறியே ஆராய்ந்து, ஐயத்திற்குரிய இடத்தைத் திரையில் கட்டமிட்டுக் காட்டுகிறது. செயற்கை நுண்ணறிவு என்று பேசப்படுவதன் பயன்களுள் இதுவும் ஒன்று.

இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சுகள் நம்மிடையே எழக்கூடும். இயந்திரம் வந்துவிட்டது, இனி மருத்துவரைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது ஒன்று. இதெல்லாம் பட்டணத்துச் செல்வர்களின் காரியம், தறிக்காரருக்கும் குடியானவருக்கும் இதனால் ஆவது என்ன என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சரியல்ல என்பது என் கருத்து. இக்கருவி வரவேற்கத்தக்கது. ஆனால் அதனைச் சங்க மண்டபத்திற்குக் கொண்டுவந்து முகாம் நடத்தி, வந்தவர் போனவர் எல்லோருடைய தொண்டையையும் பார்ப்பதற்குச் சங்கப் பணத்தைச் செலவிடுவது பொருந்தாது. கருவி மருத்துவமனையில் மருத்துவர் பக்கத்தில் இருக்கட்டும். அறிகுறி தோன்றிய அங்கத்தினரைக் காலம் கடவாமல் அங்கே கொண்டு சேர்ப்பதற்கு நம் பணம் செலவாகட்டும். இதற்கான காரணங்களைக் கீழே விளக்க முற்படுகிறேன்.

கண்ணாடியிலிருந்து கணிப்பொறி வரை

உயிருள்ள மனிதனின் குரல்வளை அசைவதைத் தெளிவாகக் கண்டு உலகுக்கு விளக்கியவர் மருத்துவர் அல்லர். ஓர் இசை ஆசிரியர். ஸ்பெயின் நாட்டவரான மானுவல் கார்சியா 1854-ஆம் ஆண்டில், பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் வைத்து, மற்றொரு கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மேல் திருப்பி, தம்முடைய குரல் நாண்களைத் தாமே கண்டார். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1954-ல், பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் லண்டனில் அவருக்கு ஆசிரியராக இருந்த ஹரால்டு ஹாப்கின்ஸும், மெல்லிய கண்ணாடி இழைகளைக் கற்றையாகச் சேர்த்தால் அதன் வழியே ஓர் உருவத்தைக் கடத்தலாம் என்று காட்டினர். இழை வளைந்தாலும் ஒளி வழி தவறுவதில்லை. 1957-ல் அமெரிக்காவில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் இத்தகைய வளையும் குழாயைக் கொண்டு இரைப்பையின் உட்புறத்தைப் பார்த்தார். பின்னர் குழாயின் நுனியில் மிகச் சிறு காமிரா வைக்கப்பட்டு, படம் திரைக்கு வந்தது.

அதற்கடுத்த பெரிய முன்னேற்றம் ஒளியில் ஏற்பட்டது. சாதாரண வெள்ளொளியில், புதிதாக முளைக்கும் புற்று அக்கம்பக்கத்துத் தோலைப் போலவே சிவந்து தோன்றி மறைந்துகொள்ளும். ஜப்பானியர் வெள்ளொளியை வடிகட்டி நீலம், பச்சை ஆகிய இரு நிறங்களின் குறுகிய பட்டைகளை மட்டும் செலுத்தினர். அந்த ஒளியை இரத்தம் உறிஞ்சிக்கொள்வதால், புற்றைச் சுற்றிப் புதிதாகக் கிளைக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுப்புப் புள்ளிகளாகத் தனித்துத் தெரியும். இதனைக் குறும்பட்டை ஒளி எனலாம். 2010-ல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில், உணவுக்குழாய்ப் புற்று உள்ள 320 நோயாளிகள் இவ்விரு ஒளிகளாலும் சோதிக்கப்பட்டனர். தலை, கழுத்துப் பகுதியில் இருந்த மேலோட்டமான புற்றுகளில் நூற்றுக்கு 8 மட்டுமே வெள்ளொளியில் முதலில் தென்பட்டன. குறும்பட்டை ஒளியில் அனைத்தும் தென்பட்டன. இங்கே கணிப்பொறி எதுவும் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நல்ல விளக்கும் அதன் பின்னே பழகிய கண்ணும் மட்டுமே இவ்வேற்றுமையை உண்டாக்கின.

இயந்திரம் கற்ற விதம்

பழகிய கண் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. அந்தக் குறையை நிரப்பவே கணிப்பொறியைப் பழக்க முற்பட்டனர். சங்கத்தில் சேலையை வாங்கித் தரம் பார்க்கும் பணிக்குப் புதிதாக ஒருவர் வந்தால், முதலில் மூத்தவர் பக்கத்தில் அமர்ந்து ஆயிரக்கணக்கான சேலைகளைப் பார்க்கிறார். 'இது நல்லது, இது ஊடை விட்டது, இது சாயம் கலைந்தது' என்று மூத்தவர் சொல்லச் சொல்லக் கண் தேறுகிறது. கணிப்பொறியும் அவ்வாறே பழக்கப்படுகிறது. நோய் இன்னதென்று முன்னமே உறுதியான படங்களை ஆயிரக்கணக்கில் அதற்குக் காட்டுகின்றனர். வேற்றுமைகளை அது தானே தொகுத்துக்கொள்கிறது.

2019-ல் சீனத்தில் வெளியான ஓர் ஆய்வில் குரல்வளைப் படங்கள் 13,721 இவ்வாறு பயன்பட்டன. புற்று, புற்றுக்கு முந்திய நிலை, தீங்கற்ற கட்டி, இயல்பான திசு என்று அவை நால்வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. பழகிய கணிப்பொறி, புற்றும் அதற்கு முந்திய நிலையும் உள்ள படங்களில் நூற்றுக்கு 73-ஐச் சரியாகக் கண்டது; அவை இல்லாத படங்களில் நூற்றுக்கு 92-ஐச் சரியாக விலக்கியது. பத்து முதல் இருபது ஆண்டு அனுபவமுள்ள மருத்துவருக்கு இது ஒப்பானது என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். 2020-ல் ஜப்பானில் தொண்டைப் புற்றுக்கென்றே பழக்கப்பட்ட மற்றொரு கணிப்பொறி, 1,912 படங்களை 28 வினாடிகளில் பார்த்து முடித்தது. அவற்றிலிருந்த 40 புற்றுகளில் ஒன்றைக்கூட அது முற்றிலும் தவற விடவில்லை. ஆயினும் படம் படமாக எடுத்துக்கொண்டால், குறும்பட்டை ஒளிப் படங்களில் நூற்றுக்கு 85-க்குச் சற்று மேலும், வெள்ளொளிப் படங்களில் நூற்றுக்கு 70 அளவிலுமே அது நோயைக் கண்டது. விளக்கு மங்கினால் இயந்திரத்தின் கண்ணும் மங்கும் என்பது இதனால் விளங்கும்.

மறுபக்கமும் உண்டு. உணவுக்குழாய்ப் புற்றுக்காக ஜப்பானில் பழக்கப்பட்ட கருவி ஒன்று, 2019-ல் வெளியான ஆய்வின்படி, நோயாளிகளின் புற்றுகளில் நூற்றுக்கு 98-ஐக் கண்டுபிடித்தது. ஆனால் அது 'நோய்' என்று குறித்த படங்களில் நூற்றுக்கு 40 மட்டுமே உண்மையில் நோயுடையவை. நிழலையும் இயல்பான அமைப்பையும் அது நோயென்று குறித்துவிட்டது. அளவுக்கு மீறிக் கண்டிப்பான தரம் பார்ப்பவர் நல்ல சேலையையும் ஒதுக்கி வைப்பது போன்றது இது.

ஒரு சிறு கணக்கு

கூட்டுறவாளர் எதையும் கணக்கிட்டுப் பார்ப்பவர். முகாம் நடத்துவதா வேண்டாவா என்பதையும் கணக்கிட்டே பார்ப்போம். பின்வரும் ஆட்களின் எண்ணிக்கை விளக்கத்திற்காக நானே வைத்துக்கொண்டது. கருவியின் திறமைக்கு மேலே கண்ட சீன ஆய்வின் விகிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு சங்கம் முகாம் நடத்தி ஆயிரம் பேரைச் சோதிக்கிறது. அவர்களில் இருவருக்கே தொண்டைப் புற்று இருப்பதாகக் கொள்வோம். கருவி அவ்விருவரில் ஒருவரையோ இருவரையுமோ கண்டுபிடிக்கும். நோயற்ற 998 பேரில் ஏறக்குறைய 78 பேரையும் அது ஐயத்திற்குரியவர் என்று குறிக்கும். அந்த 78 குடும்பங்களும் உறக்கமின்றித் தவிக்கும். பெரிய மருத்துவமனைக்குப் பயணப்படும். சிலர் கடன் வாங்குவர். சிலருக்குத் தேவையின்றித் தொண்டையிலிருந்து சதைத் துணுக்கு எடுக்கப்படும்.

இப்போது வேறு விதமாகச் செய்வோம். பல ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து, வாரக்கணக்கில் குரல் கம்மியிருப்போர், விழுங்குவதில் தடை உள்ளோர், கழுத்தில் கட்டி உள்ளோர் என ஆயிரம் பேரை மருத்துவமனைக்கு அனுப்புகின்றன. இவர்களில் 50 பேருக்கு நோய் இருப்பதாகக் கொள்வோம். கருவி 36 அல்லது 37 பேரைச் சரியாகக் காணும். நோயற்ற 950 பேரில் 74 பேரைத் தவறாகக் குறிக்கும். முன்னதில் குறிக்கப்பட்ட ஏறக்குறைய எண்பது பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ நோய். பின்னதில் மூவரில் ஒருவருக்கு நோய். கருவி ஒன்றே, யாரை அதன் முன் உட்கார வைத்தோம் என்பதே வேறு.

இக்கணக்கில் மற்றொரு பாடமும் இருக்கிறது. ஐம்பதில் பதின்மூன்று பேரைக் கருவி விட்டுவிடுகிறது. 'இயந்திரம் ஒன்றுமில்லை என்றது' என்று அவர்கள் வீடு திரும்பினால், அக்கருவி அவர்களுக்கு நன்மை செய்ததாகாது. ஆகவே மருத்துவரின் கண்ணும், ஐயமுள்ள இடத்தில் சதைத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் சோதிக்கும் முறையும் இன்றியமையாதவை. சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்யும்போது, பேரேட்டில் ஒரு தொகையின் அருகே பென்சில் குறி இடுவதனாலேயே கையாடல் நிரூபணமாகிவிடாது. ரசீதை எடுத்துப் பார்த்த பிறகே முடிவு கூற இயலும். இயந்திரத்தின் கட்டம் பென்சில் குறி போன்றது; ரசீதின் இடத்தில் இருப்பது சதைச் சோதனை.

தாமதம் நேரும் இடம்

குரல் நாணில் தோன்றும் புற்றுக்கு ஒரு தன்மை உண்டு. அது மிகச் சிறியதாக இருக்கும்போதே குரலைக் கெடுத்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. அந்த நிலையில் கதிர்வீச்சினாலோ சிறு லேசர் அறுவையினாலோ ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் குணமடையலாம். குரலும் பெரும்பாலும் தங்கும். நோய் முற்றிய பின்னர் குரல்வளை முழுவதையும் அகற்ற வேண்டி வரலாம். அதன்பின் கழுத்தில் இட்ட துளையின் வழியே மூச்சுவிட்டுக்கொண்டு, இயற்கைக் குரலின்றி வாழ வேண்டும். சந்தையில் விலை பேசும் விவசாயிக்கும், பாவு நீட்டும்போது மறுமுனையில் நிற்பவருக்குக் குரல் கொடுக்கும் நெசவாளிக்கும் குரல் எத்தகைய பொருள் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

அவ்வாறிருந்தும் காலம் வீணாவது ஏன்? குரல் கம்மினால் நெசவாளி நூல் தூசியைக் குறை கூறுகிறார்; விவசாயி பனியையும் மருந்து தெளித்ததையும் குறை கூறுகிறார். கஷாயமும் மாத்திரையுமாக மாதங்கள் கழிகின்றன. மருத்துவமனைக்குப் போக ஒரு முழு நாள் வேண்டும். உருப்படிக் கூலி பெறுபவருக்கு அந்த நாளின் கூலி போயிற்று. அறுவடைக் காலமாயின் சொல்லவே வேண்டா. எத்துணைக் கூர்மையான இயந்திரமும் இந்தத் தாமதத்தைக் குறைக்க முடியாது. ஏனெனில் நோயாளி அதன் முன் வந்து உட்கார்ந்த பின்னரே அதன் வேலை தொடங்குகிறது.

காரணங்களையும் மறைத்துப் பயனில்லை. தொண்டைப் புற்றின் தலையாய காரணங்கள் புகையிலையும் மதுவும் ஆகும். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகும். 2016-17-ல் நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 28 பேருக்கு மேல் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையை உபயோகிக்கின்றனர். நூற்றுக்கு 21 பேர் மெல்லவோ அடக்கவோ செய்கின்றனர். புகையிலை சேராத பாக்கும் புற்றை உண்டாக்க வல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ல் வெளியிட்டது. நம் வாசகர்களிடையே புகையிலை பயிரிடுவோரும் இருக்கலாம். அவர்களைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆயினும் தறிமேடையில் வெற்றிலைப் பெட்டி இருக்கும் வரையில், எந்த இயந்திரத்திற்கும் வேலை குறையாது என்பதைக் கூறாமல் விடுவதற்கில்லை.

அபாயம் மிகுந்தோரைத் தேர்ந்து பார்ப்பதன் பயனுக்கு நம் அண்டை மாநிலத்திலேயே சான்று உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கி நடந்த பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைச் சோதித்தனர். புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்றால் நேரும் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என 2005-ல் அறிவிக்கப்பட்டது. வாயைப் பார்க்க நல்ல வெளிச்சமும் பழகிய கண்ணும் போதும். தொண்டையின் அடியைப் பார்க்கக் குழாய் வேண்டும். ஆகவே இம்முறையை அப்படியே தொண்டைக்கு மாற்ற இயலாது. ஆனால் பயன் எவரிடத்தில் விளைகிறது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

கருவியை நன்கொடையாக வழங்கவோ, தலைக்கு இவ்வளவு என்று பேசி முகாம் நடத்தவோ எவரேனும் சங்கத்தை அணுகினால், நிர்வாகக் குழுவினர் சில கேள்விகளைக் கேட்டே தீர வேண்டும்.

முதலாவது, இக்கருவி யாருடைய தொண்டைகளைக் கண்டு பழகியது என்பது. சீனத்திலும் ஜப்பானிலும் எடுத்த படங்களால் பழகிய கருவி, வெற்றிலைக் கறை படிந்த, பாக்கினால் வாய் திறப்பே குறுகிய நம்மவரிடத்தில் அதே திறமையுடன் நடக்குமா என்பது இங்கேயே சோதித்து அறிய வேண்டியது. ஓர் ஊர் மண்ணுக்கு ஏற்ற விதை மற்றோர் ஊர் மண்ணில் அதே மகசூல் தரும் என்று நாம் நம்புவதில்லை அல்லவா?

இரண்டாவது, எடுக்கும் படங்கள் எங்கே போகின்றன என்பது. பல்லாயிரம் நோயாளிகளின் படங்கள் சேர்ந்ததனாலேயே இக்கருவிக்கு அறிவு உண்டாயிற்று. பலர் இட்ட பங்கால் சேர்ந்த மூலதனம் போன்றது அது. 2023-ஆம் ஆண்டின் எண்ணிம முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தை அடிப்படையாகக் கொண்டது. எதற்கென்று அறியாமல் கைநாட்டோ கையொப்பமோ இட அங்கத்தினரை விடலாகாது.

மூன்றாவது, பிழை நேர்ந்தால் பொறுப்பாளி யார் என்பது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-ல் வெளியிட்ட நெறிமுறைகள், இத்தகைய கருவிகள் மனிதரின் மேற்பார்வையில் இயங்க வேண்டும் என்று வற்புறுத்துகின்றன. மருத்துவர் பெயர் இல்லாத அறிக்கையைச் சங்கம் ஏற்கலாகாது.

நான்காவது, கருவியோடு பழகுவதால் மருத்துவரின் கண் மங்காமல் இருக்க என்ன ஏற்பாடு என்பது. போலந்து நாட்டில் பெருங்குடலைச் சோதிக்கும் மருத்துவர்களைப் பற்றி 2025-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. செயற்கை நுண்ணறிவு வருவதற்கு முன் நூற்றுக்கு 28 பேரிடத்தில் முன்புற்றுக் கட்டிகளைக் கண்டுவந்தவர்கள், அதனோடு பழகிய பின், கருவியின்றிப் பார்த்தபோது நூற்றுக்கு 22 பேரிடத்திலேயே கண்டனர். அந்த ஆய்வு தொண்டையைப் பற்றியதன்று; ஆயினும் எச்சரிக்கை எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

சங்கம் செய்யத்தக்கது

இவ்வளவு கூறியதால் கருவி வேண்டா என்று நான் வாதிப்பதாக எவரும் கருத வேண்டியதில்லை. பெரிய நகரங்களில் இருபது ஆண்டு அனுபவமுள்ள மருத்துவர் இருப்பார். சிற்றூரை அடுத்த மருத்துவமனையில் இப்போதுதான் பட்டம் பெற்று வந்த இளம் மருத்துவர் இருப்பார். அவர் பார்க்கும்போது, 'இவ்விடத்தை மறுபடியும் பாருங்கள்' என்று பக்கத்திலிருந்து சொல்லும் துணை கிடைத்தால் அது பெரும் உதவியே. கிராம மக்களுக்கு இக்கருவியால் விளையும் உண்மையான நன்மை அங்கேதான் உள்ளது. ஆகவே மாவட்ட, வட்ட அரசு மருத்துவமனைகளில் முதலில் குறும்பட்டை ஒளியுடன் கூடிய நல்ல குழாயும், பின்னர் இங்கே சோதித்துத் தேறிய கணிப்பொறித் துணையும் வேண்டும் என்று சங்கங்கள் ஒன்றுகூடி அரசைக் கோருவது முறை.

நம் கையில் உள்ளவற்றை நாமே செய்யலாம். மூன்று வாரத்திற்கு மேல் குரல் கம்மியிருத்தல், விழுங்கும்போது தடை அல்லது வலி, கழுத்தில் புதிய கட்டி, ஒரு பக்கக் காதில் மட்டும் நீங்காத வலி, எச்சிலில் இரத்தம் ஆகிய இவ்வறிகுறிகளை எழுதிச் சங்க அலுவலகத்தில், கூலி வாங்கும் இடத்திலும் உரம் வாங்கும் இடத்திலும் ஒட்டி வைக்கலாம். இவற்றுள் ஒன்று இருப்பதாலேயே புற்று என்று பொருளல்ல; காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதே பொருள்.

பொதுப் பேரவையின் ஒப்புதலுடனும் துணை விதிகளுக்கு உட்பட்டும், பொது நன்மை நிதியிலிருந்து ஒரு தொகையை இதற்கென ஒதுக்கலாம். அறிகுறியுள்ள அங்கத்தினருக்கும் துணை செல்பவருக்கும் பயணச் செலவு, அன்றைய கூலி இழப்புக்கு ஈடு, சோதனை முடிவு வரும் வரை நிலைமையை விசாரித்துவர ஒரு பொறுப்பாளர் ஆகியவற்றுக்கு அத்தொகை பயன்படட்டும். நோய் உறுதியானால், தகுதியுள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் பயனை அடைய, விண்ணப்பம் எழுதவும் சான்றுகள் சேர்க்கவும் சங்கச் செயலாளர் உதவலாம். பெரும் பணம் தேவைப்படாத இக்காரியங்களுக்கு ஒழுங்கும் கவனமும் மட்டும் தேவை. அவை இரண்டும் நல்ல சங்கத்தில் ஏற்கனவே உள்ளவை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் திறக்கப்பட்டபோது, அதன் பின்னே பொதுமக்கள் பலர் அளித்த நன்கொடைகள் இருந்தன. பலர் சேர்ந்தால் ஒருவரால் ஆகாதது ஆகும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு. வரும் பொதுப் பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இவ்விஷயத்தையும் ஒரு பொருளாகச் சேர்க்குமாறு தலைவர்களையும் செயலாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்னரே, இதனைப் படிப்பவர்களில் எவருக்கேனும் ஒரு மாதமாகக் குரல் கம்மியிருக்குமானால், கூட்டத்திற்காகக் காத்திராமல் நாளையே மருத்துவமனைக்குப் புறப்படுவாராக.